கறம்பக்குடிப் பக்கம் வட்டம் தேடிய ஒன்பது நாள்

எங்கள் குடும்பத்தில் வெளிநாட்டுக்குப் போகிறவள் என் தங்கை மாலதி. நான் ஈப்போவில் ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் கறிபாப் என்ற உருளைக்கிழங்கு அடைத்த பலகாரம் பொரிக்கிறவள். பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான படிவம் ஐந்தோடு படிப்பு முடிந்தது. புதிய ஆட்களைக் கண்டால் வாய் ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட என்னை அவள் புதுக்கோட்டைக்குக் கூட்டிப் போனதற்குக் காரணம் நாய்தான். காட்டில் தனியாக நடக்க அவளுக்கு நாயைக் கண்டு பயம். எனக்கு மனிதர்களைக் கண்டுதான் பயம், நாய்கள் பரவாயில்லை. பள்ளி நீண்ட விடுமுறை, ஒன்பது நாள், புறப்பட்டோம்.

மாலதிக்கு என்ன வேலை என்று உறவினர்கள் கேட்டால் அம்மா "கம்ப்யூட்டர்" என்று சொல்லி முடித்துவிடுவார். அது பாதி உண்மை. வங்கியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவள், முப்பது வயதில் அதை விட்டுவிட்டுப் பழைய பானை ஓடுகளின் படங்களைக் கம்ப்யூட்டரால் ரகம் பிரிக்கும் ஆராய்ச்சிக்குப் போனாள். அன்று முதல் ஒரு நாட்டில் இரண்டு ஆண்டு, இன்னொரு நாட்டில் மூன்று ஆண்டு என்று ஒப்பந்த வேலைதான். இப்போது எங்கள் நாட்டிலேயே ஒரு பல்கலைக்கழகத்தில் இருக்கிறாள், அதுவும் ஒப்பந்தம். வயது நாற்பத்து நான்கு. வீட்டில் அவள் அறையில் இன்றுவரை பிரிக்காத பெட்டிகள் இருக்கின்றன. எதற்குப் பிரிப்பது, மறுபடி கட்ட வேண்டும் என்பாள்.

இந்தப் பயணத்தில் அது மாறலாம் என்ற நிலை. இரும்புக் காலத்து மக்கள் இறந்தவர்களைப் புதைத்து, மேலே செம்புறாங்கல் என்ற சிவந்த, துளைத்துளையான கல்லை வட்டமாக நட்டார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் அவை நிறைய. பல இடங்களில் கற்களை ஆட்கள் எடுத்துப்போய்விட்டாலும் மண்ணில் வட்டத்தின் தடம் நிற்குமாம். வானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து அந்தத் தடங்களைக் கண்டுபிடிக்க மாலதி ஒரு மென்பொருள் எழுதியிருந்தாள். அது இருபத்தாறு இடங்களைக் குறித்துக் கொடுத்திருந்தது. நேரில் போய்ப் பார்த்து, எட்டாம் நாள் காணொளியில் பல்கலைக்கழகக் குழுவிடம் சொல்ல வேண்டும். மென்பொருள் சரி என்றால் நிரந்தர வேலை. இல்லை என்றால், பெட்டிகள் தயாராகவே இருக்கின்றன.

கறம்பக்குடியில் அறை எடுத்தோம். தினமும் காலையில் டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம் போய் ஒரு சிற்றூரில் இறங்குவோம். ஊர்ப் பெயரை எழுதக் கூடாது என்று மாலதி சொல்லியிருக்கிறாள். தோண்டிப் பார்க்க ஆள் வந்துவிடுமாம்.

பஸ்ஸில் முதல் நாளே எனக்குச் சங்கடம். நடத்துநர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுக் காசு வாங்காமல் போனார். எழுந்து பின்னாலேயே போய் ரூபாயை நீட்டினேன்.

"பொம்பளைங்களுக்கு ஃப்ரீம்மா. உக்காருங்க."

"நாங்கள் மலேசியா," என்றேன் மெதுவாக.

"மலேசியாவுல பொம்பளைங்க இல்லையா?" என்றார் அவர். பஸ்ஸே சிரித்தது. எனக்குக் காது சுட்டது.

பக்கத்து இருக்கை அம்மாள் விடவில்லை. "எந்த ஊரு பூர்வீகம்?"

தெரியாது என்றேன். தாத்தா கப்பலில் வந்தார் என்பதற்கு மேல் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்த அம்மாள் என் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, "மூக்கப் பாத்தா மணமேல்குடிப் பக்கம்" என்று தீர்ப்பு எழுதினார். முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்து ஒப்புக்கொண்டார். பதினைந்து நிமிடத்தில் எனக்கு ஒரு பூர்வீகம் கிடைத்துவிட்டது.

இரண்டாம் நாள்தான் முதல் வட்டத்தைப் பார்த்தோம். முந்திரி பூத்திருந்த நேரம். தோப்பு முழுக்க இனிப்பான ஒரு வாசனை. மாலதி கைப்பேசியைப் பார்த்தபடி "இன்னும் இருபது மீட்டர், பத்து மீட்டர்" என்று நடந்தாள். சருகுக்குள் சிவப்புக் கற்கள் தலையை நீட்டிக்கொண்டிருந்தன. எண்ணிப் பார்த்தோம், பதினான்கு கல், நல்ல வட்டம். அவள் அங்கேயே குதித்தாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு சூடம் ஏற்றிக் கும்பிட்டேன்.

"ஏன்க்கா, நம்ம சாமியாலா இது?" என்றாள். எந்த நாட்டுக்குப் போனாலும் எங்கள் ஊர்ப் பேச்சின் "லா" அவளை விடவில்லை.

"யாருடைய சாமியோ. இடுகாடு இடுகாடுதானே. கேட்காமல் உள்ளே வந்திருக்கிறோம்."

அவள் சிரித்தாள். ஆனால் தன் காலணியையும் கழற்றினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு இடத்திலும் அது எங்கள் வழக்கமாகிவிட்டது. அவள் அளப்பாள், படம் எடுப்பாள். நான் சூடம் ஏற்றுவேன்.

மூன்றாம் நாளிலிருந்து வேறு மாதிரி வட்டங்கள் வந்தன. கல் இல்லை. தரையில் ஆறேழு அடி அகலத்துக்குக் கன்னங்கரேல் என்று மண், சுற்றிலும் செங்கல் நிறத்தில் வெந்த மண் ஒரு வளையம். கிளறினால் கரித்துண்டுகள். மாலதி மண்டியிட்டு ஒரு துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"அக்கா, எரிச்சிருக்காங்க. புதைக்கல, எரிச்சிருக்காங்க! இந்தப் பக்கம் இவ்வளவு இருக்குன்னு யாருமே எழுதினதில்லலா!"

கரித்துண்டுகளைக் கையுறை போட்டு எடுத்துச் சின்னச் சின்னப் பைகளில் போட்டு எண் எழுதினாள். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் எத்தனை ஆயிரம் ஆண்டு என்று சொல்லிவிடுவார்களாம். வழியில் ஆடு ஓட்டிவந்த ஒருவரிடம், "இது ரொம்பப் பழசுங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க. ரொம்ப நாளா கெடக்குங்க."

"எரிச்ச இடமா?"

"ஆமாங்க, எரிச்சதுதாங்க."

அன்று இரவுச் சாப்பாட்டுக்குக் கறம்பக்குடியில் புரோட்டாவும் முட்டை மாஸும் வாங்கித் தந்தாள். வெங்காயம் வதக்கிய காரக் குழம்பில் அவித்த முட்டையை வெட்டிப் போட்டது போல இருந்தது. எங்கள் ஊரின் புரோட்டாவான ரொட்டி சானாயுடன் வைத்தால் நன்றாகப் போகும் என்று மனதில் குறித்துக்கொண்டேன். மாலதி ஒரு கையால் தின்றுகொண்டே மறு கையால் குழுவுக்கு மெயில் எழுதினாள்: எதிர்பார்த்ததைவிட நன்றாக இருக்கிறது, புதிய கண்டுபிடிப்பு, படங்கள் இணைப்பில்.

நான்காம் நாளும் ஐந்தாம் நாளும் கறுப்பு வட்டங்களாகவே பார்த்தோம். சூடம் தீர்ந்துபோய் இன்னொரு டப்பா வாங்கினேன்.

ஊரின் நிறுத்தத்தில் செல்வி என்ற பெண் டீக்கடை வைத்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். அவள் டீயை ஆற்றுகிற வேகத்தைப் பார்த்தால் எங்கள் தே தாரிக்காரர்கள் வெட்கப்படுவார்கள். ஆறாம் நாள் காலை மாலதி கடைக்குள் உட்கார்ந்து மடிக்கணினியில் ஏதோ செய்துகொண்டிருந்தாள்; அந்தச் சுற்றுவட்டாரத்தில் சிக்னல் அந்தக் கடையில் மட்டும்தான். நான் நேற்று மறந்துவிட்ட அளவு நாடாவை எடுக்கத் தனியாகத் தோப்புக்குப் போனேன்.

கறுப்பு வட்டத்தின் நடுவில் மூன்று எலுமிச்சம்பழம். குங்குமம். ஒரு கல்லுக்கு மஞ்சள் துணி கட்டியிருந்தது. அந்தக் கல் நேற்று அங்கே இல்லை.

பக்கத்தில் ஒருவர் துண்டைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். என் வயதுதான் இருக்கும். நகக்கண்ணெல்லாம் கறுப்பு.

"மலேசியா அம்மாங்களா? மூணு நாளா தூரத்துலேருந்து பாத்துக்கிட்டே இருந்தேன், ஒங்களத்தான் பாக்கணும்னு நின்னேன். கருப்பையாங்க. தப்பா நெனைக்காதீங்க. இங்கிட்டு என்ன சாமிங்க இருக்கு?"

எலுமிச்சம்பழத்தைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன்.

"இல்ல, நான் அடுத்த வாரம் மூட்டம் போடணும். பொம்பளைங்க போடக்கூடாதுங்குதுங்க. மலேசியாவுலேருந்து ஃப்ளைட்டு புடிச்சு வந்து கும்புடுறாங்க, நீ அதுல போயி கரி சுடுவியான்னு எம்பொண்டாட்டியே சோறு போட மாட்டேங்குது."

"மூட்டமா?"

"கரிமூட்டங்க. வெறக அடுக்கி, மண்ணப் போட்டு மூடி, உள்ள புகைய விடுவோம்ல. சில வருசத்துக்கு முந்தி அடிச்ச புயல்ல பழைய முந்திரி பூராம் சாஞ்சுபோச்சு. எல்லாத்தையும் கரியாக்குனோம். இந்தா, அந்தா, இந்தத் தோப்புல இருக்குற கருப்பு வட்டமெல்லாம் நான் போட்டதுதாங்க."

வானத்துப் படங்கள் எல்லாம் புயலுக்குப் பிறகு எடுத்தவை என்று மாலதி சொன்னது நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டில் குச்சியில் இறைச்சி கோத்துச் சத்தே சுடக் கரி வாங்குகிறவள் நான்தான். ஆனால் கரி எனக்குக் கடையில் பையில் கட்டி வருகிற பொருள். அதற்குத் தரையில் ஒரு வட்டம் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"ஏண்ணே, மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டு இருந்தீர்களே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"செருப்பக் கழட்டிட்டுக் கண்ண மூடி நிக்கிறவங்ககிட்ட வந்து, அம்மா அது கரின்னு எப்புடிங்க சொல்றது?"

அன்று முழுவதும் நான் சொல்லவில்லை. பஸ்ஸில் சொல்லலாம் என்று நினைத்தேன், அறையில் சொல்லலாம் என்று நினைத்தேன். மாலதி கட்டிலில் அந்தச் சின்னப் பைகளை வரிசையாக அடுக்கி, எண் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு நாளில் குழு. கடைசியில் ஒரு பையை எடுத்து முகர்ந்துவிட்டு, "மாலதி, இதில் சத்தே சுடலாம்" என்றேன்.

அவள் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். எலுமிச்சம்பழம் வரைக்கும்.

அவள் பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். பிறகு, "மெயில் போட்டுட்டேன்க்கா," என்றாள். இன்னும் கொஞ்சம் கழித்து, "அங்க உட்கார்ந்திருக்கிறவங்களுக்குக் கரியும் தெரியாது, கறம்பக்குடியும் தெரியாது. நான் சொல்லலன்னா யாருக்குலா தெரியப் போவுது?"  எனக்குத் தெரியும், கருப்பையாவுக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கலாம்.  விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் கண் விழித்தபோது அவள் காலணி போட்டுத் தயாராக நின்றிருந்தாள். "அந்த அண்ணனோட வீடு எதுன்னு தெரியுமா?" என்றாள்.

ஏழாம் நாள் கருப்பையா எங்களோடு நடந்தார். மாலதி புள்ளியைக் காட்டுவாள். அவர் தூரத்திலேயே நின்று "கரி" என்பார், அல்லது "இது நம்மது இல்லீங்க" என்பார். ஒரு தடவை கூடக் கிட்டே போய்ப் பார்க்கவில்லை.

"எப்படி அண்ணே கண்டுபிடிக்கிறீங்க? இங்கிருந்து மண்ணே தெரியல."

"மண்ண எதுக்குங்க பாக்கணும்? பாதையப் பாருங்க. கரி மூட்டய ஏத்த டிராக்டர் வரணும்ல? மூட்டம் வரைக்கும் சக்கரத்தடம் இருக்கும், அங்க வந்து திரும்பியிருக்கும். செத்தவனுக்கு எதுக்குங்க டிராக்டரு?"

மாலதி நின்ற இடத்திலேயே கீழே உட்கார்ந்துவிட்டாள். வானத்துப் படத்தைப் பெரிதாக்கினாள். கறுப்பு வட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மெல்லிய கோடு வந்து கொக்கி போல வளைந்து திரும்பியது. கல்வட்டங்களுக்கு அப்படிக் கோடு இல்லை. "இத்தனை நாள் வட்டத்தையே பாத்துட்டு இருந்திருக்கேன்," என்றாள். இருபத்தாறில் பதினொன்று கரி. ஒன்பது உண்மையான கல்வட்டம். மீதி ஆறு என்னவென்று கருப்பையாவுக்கும் தெரியவில்லை.

திரும்பி வந்தபோது செல்வி பெண்கள் நான்கைந்து பேரோடு கடை வாசலில் நின்றாள். "என்னக்கா, அங்க சாமி இருக்கா, இல்லையா? இவரு மூட்டம் போடணும்ங்குறாரு."

அத்தனை கண்ணும் என் மேல். "இல்லை," என்றேன். "நான் தெரியாமல் கும்பிட்டுவிட்டேன்."

"நாலு நாளா?"

"மூன்று நாள். முதலில் பார்த்தது நிஜமான இடுகாடு."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு செல்விதான் ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து டீக்கடைத் தூணைப் பிடித்துக்கொண்டாள். "கரிக்குச் சூடம் காட்டுன ஆளு ஒலகத்துலயே நீங்க ஒருத்தருதான்க்கா." அவளே போய் அந்த மூன்று பழத்தையும் எடுத்து வந்து எல்லோருக்கும் ஜூஸ் போட்டாள். கருப்பையாவின் மனைவி மட்டும் குடிக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்றார்.

எட்டாம் நாள். பதினொரு மணிக்குக் காணொளி. செல்வி பலகாரக் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்து அதன் மேல் மடிக்கணினியை வைக்க இடம் கொடுத்தாள். மாலதி சேலை கட்டியிருந்தாள். பின்னால் பெஞ்சில் கருப்பையா, நான், நான்கைந்து பேர். கோட்டைப்பட்டினத்திலிருந்து சின்ன வேனில் மீன் கொண்டுவந்த வியாபாரி ஒருவரும் வேனை நிறுத்திவிட்டு என்ன விசேஷம் என்று உட்கார்ந்துவிட்டார்.

திரையில் ஐந்து முகம். மாலதி ஆங்கிலத்தில் பேசினாள். எனக்குப் பாதி புரிந்தது. முதல் வாக்கியத்திலேயே தான் அனுப்பிய மெயில் தவறு என்று சொன்னாள். கரியைச் சொன்னாள், டிராக்டர் தடத்தைச் சொன்னாள், கருப்பையாவின் பெயரைச் சொன்னாள். தன் பெயர் காதில் விழுந்ததும் அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்.

கண்ணாடி போட்ட ஒருவர் கேட்டார்: "கரியைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். அந்த மண்ணில் உங்களுக்குத் தெரியாத வட்டங்கள் இன்னும் எத்தனை வகை இருக்கின்றன?"

மாலதி குறிப்பேட்டைப் புரட்டினாள். மூடினாள். 

"என்னங்க கேக்குறாக?" என்றாள் செல்வி. அவளுக்கு மட்டும் கேட்கும்படி தமிழில் சொன்னேன்.

"இது ஒரு கேள்வியா? நெல்லு அடிக்கிற களம் வட்டம்தானே!" அவள் குரல் மலேசியா வரை போயிருக்கும்.

குழுவின் தலைவர் ஒரு மலாய்க்கார அம்மையார். தலையைச் சாய்த்து, மலாயில், "பின்னால் இருப்பவர் என்ன சொல்கிறார்?" என்றார். மாலதி திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுக்கு மலாய் நன்றாகத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அவளிடம் எந்த மொழியும் இல்லை.

நான் தொங்கிக்கொண்டிருந்த வாழைத்தாருக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தேன். செல்வி என்னை முன்னால் தள்ளினாள்.

இருபது ஆண்டாகச் சிற்றுண்டிச்சாலையில் நான் பேசுவது மலாய்தான். எட்டு வயதுப் பிள்ளைகளிடம் பேசுகிற அதே மலாயில் சொன்னேன்: நெல் அடிக்கும் களமாம், வட்டமாக இருக்குமாம்.

அதற்குப் பிறகு கடையை நிறுத்த முடியவில்லை.

"வைக்கப்போரு எடுத்த தடம்!"

"ஆட்டுக்கெட போட்டா வட்டமாத்தான் மண்ணு மாறும். புளுக்க இருக்குமுல்ல."

"தூந்துபோன கெணறு."

"எருக்குழி."

"எருக்குழி சதுரம்யா."

"ஒங்க ஊருல சதுரம். எங்க ஊருல வட்டம்."

"திருவிழாவுல ராட்டினம் போட்ட எடம்."

மீன்காரர் தன் பங்குக்கு, "எங்க பக்கம் கருவாடு காயப் போடுற எடம் வெள்ளையாத் தெரியும். மேலேருந்து பாத்தா உப்புத்தான் தெரியும். ஆனா அது வட்டமில்லீங்க," என்றார்.

"வட்டமில்லன்னா ஏன்யா சொல்ற?" என்றார் கருப்பையா.

அதையும் மொழிபெயர்த்துவிட்டேன். திரையில் ஐந்து பேரும் சிரித்தார்கள். கண்ணாடிக்காரர் எழுதிக்கொண்டிருந்தார். மாலதி என் பக்கத்தில் குனிந்து, விரல் தெறிக்கத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். தெரியாமல் போன ஆறு புள்ளிகளில் இரண்டு ஆட்டுக்கிடை என்று அப்போதே படத்தைப் பார்த்து முடிவாயிற்று.

"நன்றி, காக்," என்று மலாயில் என்னை அக்கா ஆக்கினார் தலைவர். "நீங்கள் எந்தத் துறை?"

"சிற்றுண்டிச்சாலை," என்றேன்.

அவர் அப்படி ஒரு துறை எங்கே இருக்கிறது என்று யோசிப்பது போலிருந்தது. "பள்ளியில். கறிபாப், நாசி லெமாக்," என்று சேர்த்துச் சொன்னேன். மாலதி என் காலை மிதித்தாள். முடிவை எழுத்தில் தெரிவிப்போம் என்று சொல்லித் திரையை அணைத்துவிட்டார்கள். நல்லதா கெட்டதா என்று முகத்தைப் பார்த்து ஒன்றும் தெரியவில்லை. செல்வி எல்லோருக்கும் டீ போட்டாள். கருப்பையா ஒரு வடையைக் காகிதத்தில் வைத்து மாலதியிடம் நீட்டி, "சாப்புடுங்க. வேல போனா இங்கிட்டு வாங்க, மூட்டம் போடக் கத்துத் தாரேன்," என்றார். அவள் வடையைக் கடித்தபடியே அழுதாள், சிரிக்கவும் செய்தாள்.

ஒன்பதாம் நாள் திருச்சிக்குப் போகும் வாடகைக் காரின் டயர் கந்தர்வகோட்டைக்கு முன்னால் பஞ்சர் ஆனதும், ஸ்டெப்னியிலும் காற்று இல்லாமல் போனதும், பலாப்பழ லாரி ஒன்று எங்களை ஏற்றிக்கொண்டதும் தனிக் கதை. ஈப்போவுக்கு வந்து மூன்று நாள் வரை என் சூட்கேஸில் பலாவாசனை அடித்தது.

பள்ளி திறந்த இரண்டாவது வாரம், ஓய்வு நேர மணிக்குப் பத்து நிமிடம் முன்னால் மாலதி கூப்பிட்டாள். நான் எண்ணெய்ச் சட்டி முன் நின்றிருந்தேன்.

"அக்கா. நிரந்தரம்."

கரண்டியைக் கீழே வைத்தேன். என்னால் "சரி" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. மூக்கை உறிஞ்சிவிட்டு, "கருப்பையா அண்ணனிடம் சொன்னாயா?" என்று கேட்டேன்.

"மொத போன் அவருக்குத்தான்லா போட்டேன். ரொம்ப சந்தோசம்னாரு." அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், பின்னால் ஏதோ அட்டைப்பெட்டி கிழிகிற சத்தம். "அப்புறம், நிரந்தரம்னா எத்தன வருசத்துக்குங்கன்னு கேட்டாரு."